விலையைப் பார்க்க முன் அளவைப் பாருங்கள்: பாரவூர்திக்கான சொக் அப்சோபர்

(கபோவிலிருந்து ஒலிபரப்பாகும் எமது சமூக வானொலியின் மாதாந்த உரை வரிசையில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு எழுதுகிறவனுக்கு லொறியின் அடிப்பாகத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மெக்கானிக் அல்ல. வணிகவியல் படித்தவன், பிறருடைய வரவு செலவைப் பார்த்துப் பிழைக்கிறவன். ஆனால் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பேரேட்டைப் புரட்டியபோதுதான் எனக்குச் சொக் அப்சோபர் என்ற பொருள் அறிமுகமாயிற்று. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பலெர்மோவுக்கு வந்த எங்கள் முதல் தலைமுறையில் அநேகர் வீட்டு வேலையும் உணவக வேலையும் செய்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளிலும் மருமக்களிலும் இன்று வானும் லொறியும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு வண்டி வாங்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியான ஒரு தம்பியின் கணக்கைத்தான் நான் பார்த்து வந்தேன். தெற்கே வித்தோரியாவிலிருந்து தக்காளியும் மிளகாயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக வந்து, விய மொந்தே பெல்லெக்ரீனோவிலுள்ள மொத்தச் சந்தையில் இறக்குவது அவருடைய தொழில். அங்கிருந்து சின்ன வண்டிகளில் அந்த மரக்கறி கபோவுக்கும் வரும். எங்கள் கபோ ஒழுங்கைகளுக்குள் பெரிய லொறி நுழையாது என்பது உங்களுக்குத் தெரியும். கல் பதித்த ஒழுங்கையில் துள்ளித் துள்ளி வருகிற மூன்று சில்லு லாப்பாதான் இங்கே வண்டி.

ஒரு நாள் அந்தத் தம்பி வந்து, "மாமா, ஓட்டம் குறையேல்லை. ஆனா கையில ஒண்டும் நிக்குதில்லை. எங்க ஒழுகுது எண்டு பாருங்கோ" என்றார். ஒரு வருடக் கணக்கைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். டீசல் வழமைபோல. வீதிக் கட்டணம் வழமைபோல. ரயர்ச் செலவு மட்டும் முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின் அச்சிலிருந்த இரண்டு காற்றுப் பைகள் மாற்றப்பட்டிருந்தன. இழுவை வண்டிக்கு ஒரு தடவை பணம் போயிருந்தது. நசிந்துபோன தக்காளிக்காகச் சந்தைக்காரர் கழித்துக்கொண்ட தொகையும் இருந்தது. இவையெல்லாம் ஒரே மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கியிருந்தன. அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒரு சின்னப் பற்றுச்சீட்டு: பின் அச்சுக்கு இரண்டு சொக் அப்சோபர். வழமையாக வாங்குவதைவிட நூறு யூரோவுக்குச் சற்று மேலே மலிவு. கடைக்காரர், "பார்க்க அச்சொட்டாக அதேதான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பழையதைத் தம்பி எறியாமல் வைத்திருந்தார். இரண்டையும் நிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுதாக இழுத்து அளந்தோம். புதியது நான்கு சென்ரி மீற்றர் நீளம் கூட. பார்வைக்கு ஒன்றுதான். அந்த நான்கு சென்ரி மீற்றர்தான் ஒரு வருட இலாபத்தைச் சாப்பிட்டது. அது எப்படி என்று விளங்க வேண்டுமானால், முதலில் இந்தப் பொருள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எங்களில் பலர் சொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குகிறது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். அது தட்டுத் தட்டாக அடுக்கிய பட்டை ஸ்பிறிங்காக இருக்கலாம், காற்றுப் பையாகவும் இருக்கலாம். ஸ்பிறிங்கின் குணம், அமத்தினால் திருப்பித் தள்ளுவது. ஒரு பள்ளத்தில் விழுந்தெழுந்த லொறி, தடுக்க ஒன்றுமில்லாவிட்டால் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக் அப்சோபரின் வேலை. உள்ளே ஒயில் நிறைந்த ஒரு குழாய், அதற்குள் சிறு துவாரங்களும் வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டன். சில்லு அசையும்போது பிஸ்டன் ஒயிலை அந்த ஒடுங்கிய வழிகளால் தள்ளுகிறது. ஒயில் எதிர்க்கிறது. அசைவின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

ஆகவே பெரிய சொக் பூட்டினால் கூடப் பாரம் ஏற்றலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அது ஏற்றும் அளவைக் கூட்டாது. அதே நேரம், இது சாரதியின் சொகுசுக்கான சாமான் என்றும் நினைக்க வேண்டாம். சில்லு வீதியில் பட்டுக்கொண்டிருந்தால்தான் பிரேக் பிடிக்கும், ஸ்ரியரிங் சொன்னபடி கேட்கும். துள்ளுகிற சில்லு ஒவ்வொரு துள்ளலிலும் வீதியில் தன் பிடியைக் கைவிடுகிறது. மழை நாளில், மலை இறக்கத்தில், பதினெட்டுத் தொன் பாரத்தோடு அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் பாரவூர்திகளின் சஸ்பென்சன் பற்றி ஒரு விதியை வகுத்து, அதை 1996இன் 96/53 இலக்கப் பணிப்புரையிலும் சேர்த்துக்கொண்டது. மூன்று அச்சு லொறிக்கு மொத்த நிறை 25 தொன். உந்தும் அச்சில் இரட்டை ரயரும் காற்றுப் பை சஸ்பென்சனும், அல்லது அதற்கு நிகரானதும் இருந்தால் 26 தொன் வரை போகலாம். வீதியை அது குறைவாகத் தாக்கும் என்பதே காரணம். சரி, நிகரானது என்று எதை ஏற்பது? விதி இப்படிச் சொல்கிறது. அச்சின் மேலுள்ள பாரம் ஒரு வினாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் ஆடக் கூடாது. ஒரு தடவைகூட ஆடாமல் நிலைக்கு வந்து நிற்பதற்கு வேண்டிய தடையை 100 என்று வைத்தால், இருக்கும் தடை 20க்கு மேல் இருக்க வேண்டும். சொக் அப்சோபர்களைக் கழற்றிவிட்டு அளந்தால் அந்தத் தடை பாதிக்கு மேல் மிஞ்சக் கூடாது. அதாவது ஆட்டத்தை அடக்கும் வேலையில் பாதியையாவது சொக்தான் செய்ய வேண்டும்.

இந்த 20 என்ற எண்ணை நான் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். முதல் துள்ளல் 10 சென்ரி மீற்றர் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு அது 3 சென்ரி மீற்றருக்கும் குறைந்துவிடும். அடுத்த ஆட்டத்தில் ஒரு சென்ரி மீற்றரும் இல்லை. தடை பாதியாகி 10க்கு வந்தால், 10 சென்ரி மீற்றர் துள்ளல் முதலில் 5 ஆகி, பிறகு 3 ஆகி, மூன்றாவது ஆட்டத்திலும் ஒன்றரை சென்ரி மீற்றர் மிச்சமிருக்கும். மணிக்கு 80 கிலோ மீற்றர் வேகத்தில் லொறி ஒரு வினாடிக்கு 22 மீற்றர் ஓடுகிறது. வினாடிக்கு இரண்டு ஆட்டம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 11 மீற்றர். தேய்ந்த சொக்கோடு மூன்று ஆட்டம் அடங்குவதற்குள் 33 மீற்றர் போய்விடும். அதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். எங்கள் வீதிகளில் பள்ளத்துக்கா பஞ்சம்?

சிசிலி வீதிகளைப் பற்றி இங்கு ஒரு சொல். பலெர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கும் ஏ-19 நெடுஞ்சாலையில், இமேரா ஆற்றுக்கு மேலான பாலம் 2015 ஏப்ரல் 10ஆம் திகதி மண்சரிவால் சாய்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய பகுதி திறக்கப்பட்டது 2020 ஜூலை கடைசியில். முதல் மாதங்களில் தீவின் நடுப்பகுதியால் ஓடிய வாகனங்கள் மாற்று வழிகளில் சுற்றித் திரிந்தன. அப்போது வளைவும் குழியும் நிறைந்த பாதைகளில் ஓடியவர்களுக்கு, நல்ல சஸ்பென்சனுக்கும் கெட்ட சஸ்பென்சனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாரி சொல்லிக் கொடுத்திருக்கும்.

வீதியும் எங்கள் பொதுச் சொத்து. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய வீதிப் பரிசோதனை நடந்தது. அச்சுப் பாரம் கூடக்கூட வீதியின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று அதிலிருந்து கணித்தார்கள். பாரம் பத்து வீதம் கூடினால் சேதம் நாற்பத்தைந்து வீதத்துக்கு மேல் கூடும். துள்ளும் சில்லு திரும்ப விழும்போது, நின்ற பாரத்தைவிடக் கூடத்தான் அடிக்கும். குழி துள்ளலைக் கொடுக்கிறது, துள்ளல் குழியைப் பெரிதாக்குகிறது.

இனி விடயத்துக்கு வருகிறேன். சொக் அப்சோபரை எப்படித் தெரிவு செய்வது? அனுபவமுள்ள மெக்கானிக்குகளிடம் கேட்டும், என் தம்பியின் கணக்கில் பட்டும் தெரிந்துகொண்டதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, வண்டியை அடையாளப்படுத்துங்கள். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது மட்டும் போதாது. லிப்ரெத்தோவிலுள்ள சசி இலக்கத்தைக் கையில் கொண்டு போங்கள். ஒரே மாதிரி வண்டியிலேயே முன் அச்சுக்கு ஒன்று, உந்தும் அச்சுக்கு ஒன்று, தூக்கும் அச்சுக்கு வேறொன்று, இழுவைப் பெட்டிக்கு இன்னொன்று, சாரதி அறைக்கு இன்னொன்று இருக்கும். பழைய சொக்கின் மேல் பொறித்த இலக்கம் அழியாமலிருந்தால் அதுவே சிறந்த சாட்சி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில், முன்னைய சொந்தக்காரர் பிழையானதைப் பூட்டியிருக்கவும் கூடும். ஆகவே அந்த இலக்கத்தையும் உற்பத்தியாளரின் அட்டவணையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உங்களுடையது பட்டை ஸ்பிறிங்கா, காற்றுப் பையா என்று பாருங்கள். பட்டை ஸ்பிறிங்கில் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கும். காற்றுப் பையில் அந்த உராய்வு இல்லை. ஆட்டத்தை அடக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் சொக்கின் தலையில் விழுகிறது. அதனால் காற்றுப் பை வண்டியில் தேய்ந்த சொக்கோடு ஓடுவது இன்னும் ஆபத்து. பட்டை ஸ்பிறிங்குக்குச் செய்ததைக் காற்றுப் பைக்குப் பூட்டுவதும் பிழை.

மூன்றாவது, நீளம். இரண்டு நீளம் இருக்கிறது: முழுதாக விரித்த நீளம், முழுதாகச் சுருக்கிய நீளம். பாரம் முழுதும் அமர்ந்து அச்சு மேலே வரும்போது, சொக் முட்டுவதற்கு முன்னர் ரப்பர் முட்டுக்கட்டை முட்ட வேண்டும். சுருக்கிய நீளம் கூடினால் சொக்கே முட்டுக்கட்டையாகிவிடும். பாரம் முழுவதும் அதில் இடிக்கும். தண்டு வளையும் அல்லது பூட்டிய இடம் வெடிக்கும். மறுபக்கம், பெரும்பாலான காற்றுப் பை வண்டிகளில் அச்சு கீழே தொங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவதும் சொக்தான். விரித்த நீளம் கூடினால் காற்றுப் பை அளவுக்கு மிஞ்சி இழுபட்டுக் கழன்றுவிடும், அல்லது கிழியும். குறைந்தாலோ சொக் பிய்ந்துவிடும். தம்பியின் வண்டிக்கு நடந்தது இதுதான். பின் சில்லு ஒரு பள்ளத்தில் தொங்கிய ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு சென்ரி மீற்றர் காற்றுப் பையை இழுத்தது. பாரம் ஏற்றிய ஒவ்வொரு தடவையும் அதே நான்கு சென்ரி மீற்றர் அடியில் இடித்தது. இடித்து இடித்து உள்ளே வால்வுகள் கெட்டன. ஆட்டத்தை அடக்க ஆளில்லாமல் சில்லுத் துள்ளியது. ரயர் அலை அலையாகத் தேய்ந்தது. பெட்டியில் தக்காளி நசிந்தது. பேரேட்டில் நான்கு இடங்களில் கிடந்த நட்டத்துக்கு மூலம் ஒன்றுதான்.

நான்காவது, பூட்டும் முனை. சிலவற்றில் இரு முனையிலும் வளையம், சிலவற்றில் ஒரு முனையில் மரையிட்ட தண்டு. வளையத்தின் உள் விட்டம், ரப்பர் புஷ்ஷின் அகலம், போல்ட்டின் தடிப்பு என்பன சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு மில்லி மீற்றர் விளையாட்டு இருந்தாலும் அது நாளடைவில் தட்டித் தட்டிப் பெரிதாகும். வொஷர் போட்டு நிரப்பிச் சரிக்கட்டுகிறவர்களைத் தவிருங்கள்.

ஐந்தாவது, தடையின் அளவு. இறுக்கமானதே நல்லது என்று எங்களவர்கள் நினைப்பதுண்டு. அதுவும் பிழை. ஒரு சொக் சுருங்கும்போது காட்டும் தடையைவிட விரியும்போது காட்டும் தடை பொதுவாகப் பல மடங்கு கூட. மேட்டில் ஏறும் சில்லை மேலே போக விட வேண்டும், ஆனால் அமத்தப்பட்ட ஸ்பிறிங் திருப்பி உதைக்கும்போது பிடித்து நிறுத்த வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கமானதைப் பூட்டினால் சில்லு வீதியின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடராது. அடி முழுவதும் சசிக்கும் பூட்டிய இடத்துக்கும் போகும். மண் வீதியிலும் கட்டட வேலைத் தளத்திலும் ஓடும் வண்டிக்கு ஒரு அளவு, நெடுஞ்சாலையில் பழம் ஏற்றும் வண்டிக்கு வேறு அளவு. தடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகைகளும் சந்தையில் உண்டு. அவற்றைத் தெரிந்தவர்தான் அமைக்க வேண்டும்.

ஆறாவது, வெப்பம். நாள் முழுவதும் ஓடும் லொறியில் ஒயில் சூடாகி நுரைத்தால் தடை குறைந்துவிடும். அதற்காகத்தான் நைதரசன் வாயுவை அமுக்கத்தில் அடைத்த வகைகள் வந்தன. ஒற்றைக் குழாய் வாயு சொக்கை 1950களில் உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான தெ கார்போன். ஒற்றைக் குழாய் வெப்பத்தை இலகுவாக வெளியே விடும். ஆனால் வெளிக்குழாயில் ஒரு கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் வகை அந்த அடியை ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் எதைச் சொன்னாரோ அதுவே நல்லது.

ஏழாவது, யாரிடம் வாங்குவது. சாக்ஸ், மொன்ரோ, கோனி, பில்ஸ்ரைன் என்று ஐரோப்பிய வீதிகளில் பெயர் பெற்றவை உண்டு. எங்கள் பக்கத்திலும் உண்டு. 1961இல் தொடங்கிய காபிரியேல் இந்தியா நிறுவனம் தமிழ்நாட்டின் ஓசூரில் சொக் அப்சோபர் செய்கிறது. நான் எந்தப் பெயருக்கும் விளம்பரம் செய்யவில்லை. நல்ல பெயருக்குத்தான் போலியும் கூட வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பெட்டியில் இலக்கம் தெளிவாக இருக்க வேண்டும், பொருளிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் அந்த இலக்கத்தை எழுதச் சொல்லி வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் இருபது யூரோ குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால், செலவாகவும் காட்ட முடியாது, உத்தரவாதமும் கேட்க முடியாது. இதை ஒரு கணக்காளனாகச் சொல்கிறேன்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். ஓர் அச்சில் ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் வகையைப் பூட்ட முன்னர் நிமிர்த்தி வைத்துச் சில தடவை இழுத்து அமத்தி உள்ளேயுள்ள காற்றைப் போக்க வேண்டும். வளையத்து போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, வண்டி தன் சில்லில் வழமையான உயரத்தில் நிற்கும்போதுதான். அச்சு தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையில் கிடந்து விரைவில் கிழிந்துவிடும்.

எப்போது மாற்றுவது என்று கேட்பீர்கள். கண்ணாலும் கையாலும் பார்க்கலாம். வெளியே மெல்லிய ஒயில் ஈரம் தூசியோடு படிந்திருப்பது பெரும்பாலும் சாதாரணம். ஒயில் கோடாக வடிந்து சொட்டினால் சொக் முடிந்தது. ரயரின் மேற்பரப்பில் கையை ஓட்டினால் கிண்ணம் கிண்ணமாகக் குழி தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். புஷ் கிழிந்திருக்கிறதா, பூட்டிய இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடி வந்தவுடன் எல்லாச் சொக்கினதும் வெப்பத்தை ஒப்பிடலாம். வேலை செய்கிற சொக் சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா தொங்குகிறது என்று அர்த்தம். தொடும்போது கை சுடாமல் கவனம், அல்லது தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியைப் பாவியுங்கள். பாரவூர்திக்கு வருடாவருடம் ரெவிசியோனே இருக்கிறது. கடுமையாக ஒயில் ஒழுகும் சொக்கைக் குறைபாடாகவே ஐரோப்பிய விதி கொள்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு நாள் பார்ப்பவரை நம்பி மற்ற 364 நாளும் ஓட முடியாது.

சாரதியின் உடம்பையும் மறக்க வேண்டாம். வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான அதிர்வு மனித முண்டத்தை அதிகம் தாக்கும் என்று அறிந்திருக்கிறார்கள். முழு உடல் அதிர்வுக்கு இத்தாலியில் 2008இன் 81ஆம் இலக்கச் சட்டம் நாளாந்த எல்லை வகுத்திருக்கிறது. எட்டு மணித்தியால வேலைக்கு வினாடி வர்க்கத்துக்கு அரை மீற்றரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு மீற்றரைத் தாண்டவே கூடாது. மற்றவரிடம் வேலை செய்கிற பிள்ளைகள், சாரதி அறையின் சொக்கும் இருக்கையின் சொக்கும் செத்துக் கிடந்தால் வாய் திறந்து கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை. சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கோ முதலாளியும் அவரே, நாரி நோவும் அவருடையதே.

எங்கள் ஊரில் நாங்கள் வேறு மாதிரி வாழ்ந்தவர்கள். யுத்த காலத்தில் உதிரிப்பாகம் வருவதே அரிது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். பழைய ரயரை வெட்டிப் புஷ் செய்தோம். ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தபோது, அந்தக் குன்றும் குழியுமான வீதியில் சொக் என்ற ஒன்றே இல்லாமல் பாரம் ஏற்றி வந்த லொறிகளை நானே பார்த்திருக்கிறேன். அது கெட்டித்தனம், மறுக்கவில்லை. அந்தக் கைவண்ணத்தால்தான் சனம் சாப்பிட்டது. ஆனால் அது இல்லாத குறைக்குச் செய்தது. மணிக்கு முப்பதில் ஊர்ந்த லொறிக்குச் செய்ததை, எண்பதில் ஓடுகிற லொறிக்குச் செய்யக் கூடாது. சரியான பொருள் கடையில் இருக்கும்போது 'சமாளிக்கலாம்' என்று சொல்வது கெட்டித்தனம் அல்ல. அந்தப் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

இத்தாலிய மொழியில் சொக் அப்சோபருக்கு அம்மோர்திட்சாத்தோரே என்று பெயர். எங்கள் கணக்கியலில் பெறுமானத்தேய்வு என்பதை இவர்கள் அம்மோர்தமெந்தோ என்பார்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வேலையிழந்தவருக்கு அரசு கொடுக்கும் உதவிகளையும் செய்தியில் அம்மோர்திட்சாத்தோரி சொசியாலி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அடியை ஒரேயடியாக விழ விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக வைப்பது என்பதே மூன்றுக்கும் கருத்து. கணக்காளனாகிய நான் வண்டியின் விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்து எழுதுகிறேன். சொக் அப்சோபர் ஒரு குழியின் அடியைச் சில மீற்றர்களுக்குப் பிரித்து விடுகிறது. தொழில் வேறு, தத்துவம் ஒன்று.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். சொக்குக்கு என்று மாதாமாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். மாற்றிய திகதியையும் அப்போது ஓடியிருந்த கிலோ மீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ரயர்ச் செலவுக்கு அருகிலேயே அதையும் எழுதுங்கள். ஒன்று குறைந்தால் மற்றது எப்படிக் கூடுகிறது என்று உங்கள் கண்ணே காணும். அவர் சரியான அளவில் இரண்டு வாங்கிப் பூட்டினார். அடுத்த வருடக் கணக்கில் ரயர்ச் செலவு பழைய இடத்துக்கு வந்தது. இழுவை வண்டிக்கு ஒரு சதமும் போகவில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. கணக்குக் கொடுக்க வந்த அன்று அவருடைய மனைவியும் கூட வந்திருந்தா. "முந்தி மழை பெய்தா விடிய அவர் வந்து சேருமட்டும் எனக்கு நித்திரை இல்லை. இப்ப வண்டி இழுக்குதில்லை எண்டு அவரே சொல்லுறார்" என்றா. அதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் லொறி ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் இன்றைக்கு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "சொக் மாற்றி எவ்வளவு காலம்?" பதில் வர நேரமெடுத்தால் அளவுகோலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திக்கும்வரை விடைபெறுகிறேன்.